"நீங்க தான் சொன்னீங்களா சார்?" – திருட்டுப் போன பாஸ்வேர்டும் ஒரு லேப் ரிப்போர்ட்டும்

போன மாதம் ஓபியில் ஓர் அம்மா என் முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்வி தான் தலைப்பு.

(அவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்று இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரிய வந்தது. கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ இது பரவாது என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் ஊர் கேட்காது. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. அதனால் கணவரையும் மகனையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அந்த இருவருக்கும் பரிசோதனை செய்து தடுப்பூசியும் போட்டாயிற்று.

வைரல் லோடு பார்க்க வேண்டியிருந்தது. அவசரம் என்று மகன் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுக்க வைத்திருக்கிறார். ரிப்போர்ட் அந்த லேபின் வெப்சைட்டில் வந்தது. மகன் தான் தன் ஈமெயிலில் கணக்கு தொடங்கி டவுன்லோடு செய்து எனக்குக் காட்டினார்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவுக்கு ஒரு போன்.

"உங்களுக்கு லிவர்ல வைரஸ் இருக்குல்ல? கவுன்ட் இவ்வளவு வந்திருக்கு. எங்க மூலிகை கோர்ஸ் எடுத்தா ஆறு மாசத்துல நெகட்டிவ் ஆகிடும். 18 ஆயிரம்."

ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை அப்படியே சொல்லியிருக்கிறான். டெஸ்ட் எடுத்த தேதி, பரிந்துரைத்த டாக்டர் என்ற இடத்தில் இருந்த என் பெயர், எல்லாம்.

அந்த அம்மா பணம் கட்டவில்லை. நேராக என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை. குரலைத் தாழ்த்தி, "சார், நான் உங்ககிட்ட மட்டும் தானே சொன்னேன். நீங்க தான் யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

பத்து வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பல பேர் திட்டியிருக்கிறார்கள். இது மாதிரி எதுவும் உறைத்ததில்லை.

அன்று டியூட்டி முடிந்து அந்த மகனோடு உட்கார்ந்தேன். லேபுக்குப் போன் போட்டோம். மூன்று பேர் கை மாறி நான்காவதாகப் பேசியவர் சொன்ன பதில் இது: "எங்க சர்வர் ரொம்ப செக்யூர் சார். உங்க பையன் பாஸ்வேர்டை வேற எங்கயாவது குடுத்திருப்பார். அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது."

மகனிடம் கேட்டேன். ஆமாம், லேபுக்குப் போட்ட அதே பாஸ்வேர்டு தான் அவருக்கு எல்லாவற்றுக்கும். கேம், சாப்பாடு ஆர்டர், பழைய ஷாப்பிங் தளம், எல்லாம் ஒன்றே.

ஆக லேபின் சர்வரில் இருந்து போனதா, மகனின் பாஸ்வேர்டு வேறு எங்கோ திருட்டுப் போய் அதை வைத்து உள்ளே நுழைந்தார்களா, லேபில் வேலை பார்க்கும் யாராவது விற்றார்களா, எதுவும் தெரியாது. தெரிந்து கொள்ள அந்த அம்மாவுக்கு வழியும் இல்லை.

"உங்க பையன் தான் காரணம்" என்ற அந்த ஒரு வரிப் பதில் தான் இந்த நீண்ட பதிவை எழுத வைத்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வெறும் எம்.பி.பி.எஸ். ஆனால் தொற்று எப்படிப் பரவும், ஒரு டெஸ்ட் ரிசல்ட்டை எப்படிப் படிக்க வேண்டும், யார் மேல் பொறுப்பு என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஒரு மாதமாகப் படித்ததில் இது நம்ம ஏரியாவுக்கு ரொம்பப் பக்கத்து விஷயம் என்று தான் தோன்றுகிறது.

முதலில் அந்த லேப் சொன்ன அதே பதிலை அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி சொன்ன கதை.

23அண்ட்மீ என்று ஒரு நிறுவனம். எச்சிலைத் துப்பி ஒரு சிறு குழாயில் அனுப்பினால் உங்கள் டி.என்.ஏ-வைப் பார்த்து பூர்வீகம் என்ன, எந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம், தூரத்து உறவினர்கள் யார் யார் என்று சொல்வார்கள். 2023 அக்டோபரில் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடர்கள் கையில் இருப்பது வெளியே தெரிந்தது.

அவர்கள் சர்வரை உடைக்கவில்லை. வேறு வேறு தளங்களில் இருந்து ஏற்கெனவே திருட்டுப் போன ஈமெயில், பாஸ்வேர்டு ஜோடிகளை எடுத்து வந்து இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். மனிதன் உட்கார்ந்து டைப் செய்வதில்லை, மென்பொருள் செய்யும். பழைய சாவிக் கொத்தை எடுத்துக் கொண்டு தெருவில் ஒவ்வொரு பூட்டாக நுழைத்துப் பார்க்கிற வேலை.

சுமார் 14,000 கணக்குகள் திறந்து கொண்டன.

ஆனால் விவரம் போனது 14,000 பேருக்கு இல்லை. சுமார் 69 லட்சம் பேருக்கு! காரணம், அந்தத் தளத்தில் உறவினர்களைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. ஒரு கணக்கில் நுழைந்தால் அவரோடு டி.என்.ஏ பொருந்துகிற நூற்றுக்கணக்கானவர்களின் விவரமும் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு திருட்டுப் பாஸ்வேர்டுக்கு சராசரியாக 490 பேருக்கு மேல் வருகிறது. ஒரு ஆள், 490 தொற்று. கொரோனா காலத்தில் நாம் பேசிய ஆர்-நாட் எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் திருட்டு 2023 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. செப்டம்பர் வரை நடந்திருக்கிறது. ஐந்து மாதம் யாரோ வாசலில் நின்று சாவி மாற்றி சாவி போட்டுக் கொண்டிருந்ததை வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டபோது கம்பெனியின் வக்கீல்கள் அனுப்பிய கடிதத்தின் சாரம் என்ன தெரியுமா? வாடிக்கையாளர்கள் கவனக்குறைவாக ஒரே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், அதனால் நடந்தது.

நம்ம லேப்காரர் சொன்ன அதே பதில்.

சரி, 14,000 பேர் தப்பு செய்தார்கள் என்றே வைத்துக் கொள்வோம். மீதி 68 லட்சத்துச் சொச்சம் பேர் என்ன தப்பு செய்தார்கள்? அவர்களில் பலர் ரொம்ப நல்ல பாஸ்வேர்டு வைத்திருந்திருக்கலாம். தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் சோம்பேறியாக இருந்தான், அவ்வளவு தான்.

இங்கிலாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 2025 ஜூனில் 23.1 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்காமல் இத்தனை நுண்ணிய தகவலை வைத்திருந்தது உன் தப்பு என்பது தான் அதன் நிலை. சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தளமே இரண்டு கட்ட சரிபார்ப்பைக் கட்டாயம் ஆக்கியது. முன்னாடியே செய்திருக்க முடியும் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்? 2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனுவும் போட்டுவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிக் கொள்ளலாம், டி.என்.ஏ-வை எங்கே போய் மாற்றுவது?

இப்போது நம்ம துறைக்கு வருகிறேன்.

1980களில் எச்.ஐ.வி வந்த பிறகு மருத்துவ உலகம் ஒரு முடிவெடுத்தது. யாருக்குத் தொற்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும். கிளவுஸ் போடு, ஊசியைத் திரும்ப மூடாதே, ஒரு தடவை போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடாதே. யுனிவர்சல் பிரிகாஷன்ஸ் என்று ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்.

நோயாளி "எனக்கு எதுவும் இல்லீங்க" என்று சொன்னார், அதனால் கிளவுஸ் போடவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் யாராவது ஏற்றுக் கொள்வார்களா?

வெப்சைட் நடத்துபவர்களும் இதே மாதிரி வாசலுக்கு வரும் எல்லா பாஸ்வேர்டையும் திருட்டுப் போனதாகவே நினைத்துத் தான் கட்ட வேண்டும் என்பது என் வாதம். ஏனென்றால் உண்மையிலேயே அத்தனை போயிருக்கிறது. 2019 ஜனவரியில் 'கலெக்‌ஷன் 1' என்ற பெயரில் ஒரு மூட்டை வெளியே வந்தது. அதில் மட்டும் 77 கோடிக்கும் மேல் ஈமெயில் முகவரிகள். ஒரே ஒரு மூட்டையில்.

இதை முதலில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் "நமக்கெல்லாம் ஆகாது" என்று தான் சொல்லியிருப்பேன். அந்த மகனுக்கு அறிவுரை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் ஈமெயிலைச் சோதித்துப் பார்த்தேன்.

'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்று ஒரு தளம். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013 டிசம்பரில் தொடங்கியது. எங்கெங்கோ கசிந்த தரவுகளை அவர் சேகரித்து வைத்திருக்கிறார். உங்கள் ஈமெயிலைப் போட்டால் அது எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று சொல்லும். அந்த முதல் பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்காது. ஈமெயிலோடு சேர்த்து பாஸ்வேர்டையும் கேட்டால் அது போலித் தளம், ஓடி வந்துவிடுங்கள்.

என் ஈமெயில் ஐந்து இடத்தில் இருந்தது. அதில் ஒன்று கல்லூரிக் காலத்தில் எதற்கோ தொடங்கிய கணக்கு. அந்தத் தளம் இருப்பதே மறந்து போயிருந்தது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு மறக்கவில்லை. ஏனென்றால் அதைத் தான் ஆஸ்பத்திரியில் நோயாளி விவரம் பதிவேற்றும் போர்ட்டலுக்கும் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி சேர்த்திருந்தேன். பாதுகாப்புக்காம்!

ஆக அந்த அம்மாவின் கேள்விக்கு "நான் இல்லீங்கம்மா" என்று நான் அடித்துச் சொன்னது உண்மை தான். ஆனால் இன்னொரு நோயாளி விஷயத்தில் அப்படிச் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்றால், அன்றைக்கு இல்லை. அன்று ராத்திரியே மாற்றினேன்.

அந்தத் தளத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. திருமணத்துக்கு வெளியே உறவு தேடுவோருக்கான ஆஷ்லி மேடிசன் தளம் 2015-ல் கசிந்தது. அது போன்ற கசிவுகளை இவர் பொதுத் தேடலில் காட்டுவதில்லை. அந்த ஈமெயிலுக்குச் சொந்தக்காரர் தான் என்று உறுதி செய்தவருக்கு மட்டும் தான் காட்டுவார். மனைவியோ முதலாளியோ போட்டுப் பார்த்தால் தெரியாது. எச்.ஐ.வி ரிசல்ட்டை நோயாளி கையில் மட்டும் கொடுக்கிறோமே, அதே ஒழுக்கம். அந்த மனிதர் மருத்துவம் படிக்கவில்லை, ஆனால் பல லேப்களை விட இந்த விஷயத்தில் மருத்துவராக நடந்து கொள்கிறார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது ஒரு ஸ்கிரீனிங் டெஸ்ட். எல்லா ஸ்கிரீனிங் டெஸ்ட் மாதிரியும் இதற்கும் குறை உண்டு.

"உங்கள் ஈமெயில் எங்கும் இல்லை" என்று பச்சை நிறத்தில் வந்தால் கசியவில்லை என்று அர்த்தம் இல்லை. வெளியே வந்து அவர் கைக்குக் கிடைத்தவற்றில் இல்லை, அவ்வளவு தான். இதற்கு விண்டோ பீரியட் உண்டு. தொற்று உடம்பில் இருக்கும், டெஸ்ட் நெகட்டிவ் காட்டும்.

லிங்க்ட்இன் கதையைப் பாருங்கள். 2012-ல் திருட்டு நடந்தது. அப்போது வெளியே தெரிந்தது சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டு. சரி, அவ்வளவு தான் போல என்று எல்லோரும் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். 2016-ல் அதே பழைய திருட்டில் இருந்து 11.7 கோடி ஈமெயில், பாஸ்வேர்டு ஜோடிகள் விற்பனைக்கு வந்தன. நான்கு வருட விண்டோ பீரியட்! பாஸ்வேர்டுகளை அவர்கள் குழப்பி வைத்திருந்த முறையும் பலவீனமானது. அதனால் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டார்கள்.

இடையில் என்ன நடந்தது? ட்ராப்பாக்ஸ் நிறுவனத்தில் ஓர் ஊழியர் வேறு தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டையே அலுவலகத்திலும் வைத்திருந்தார். அது லிங்க்ட்இன் கசிவில் போன பாஸ்வேர்டு என்று பின்னால் செய்திகள் வந்தன. அதை வைத்து உள்ளே நுழைந்தார்கள். 2016-ல் ட்ராப்பாக்ஸ் பயனர்கள் 6.8 கோடிப் பேரின் விவரம் வெளியே வந்தது. ஒரு ஊசியை இரண்டு பேருக்குப் போட்ட கதை தான். இரண்டாவது ஆள் ஒரு கம்பெனியாக இருந்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. இது தான் எனக்கு அதிகம் பயம் தருகிறது, நம்ம பசங்க நிறைய பேர் இதில் மாட்டுவதால்.

இன்ஃபோஸ்டீலர் என்பார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை "கிராக்" என்று ஏதோ தளத்தில் இருந்து இறக்கி நிறுவுகிறோம் இல்லையா, அதோடு ஒட்டிக் கொண்டு வரும். வந்த சில நிமிடத்தில் பிரவுசரில் "சேவ்" செய்து வைத்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டு போய்விடும். எந்த வெப்சைட், என்ன யூசர் நேம், என்ன பாஸ்வேர்டு என்று வரி வரியாக. அதோடு லாகின் செய்த நிலையில் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயும் போகும். அதை வைத்து ஓ.டி.பி கேட்காமலே உள்ளே நுழைய முடிகிற தளங்கள் இருக்கின்றன.

எத்தனை பி.ஜி நுழைவுத்தேர்வு வீடியோக்களை எத்தனை ஹாஸ்டல் அறைகளில் இப்படி இறக்கியிருப்போம்! அதே லேப்டாப்பில் தான் ஆஸ்பத்திரி போர்ட்டலும் திறக்கும். தொற்று உள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கொண்டு பாஸ்வேர்டு மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் உடனே போகும். முதலில் வேறு சுத்தமான கருவியில் மாற்ற வேண்டும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை முழுதாக அழித்து மறுபடி நிறுவ வேண்டும்.

2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற நிறுவனத்தின் தரவுக் கிடங்குகளில் நடந்த பெரிய திருட்டும் இந்த வகை தான். சுமார் 165 நிறுவனங்கள் ஆபத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். அதில் பயன்பட்ட சில பாஸ்வேர்டுகள் 2020-லேயே திருட்டுப் போனவை. நான்கு வருடம் யாரும் மாற்றவில்லை, இரண்டாவது பூட்டும் போடவில்லை.

மருத்துவத் துறையிலேயே இதை விடப் பெரிய உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவில் சேஞ்ச் ஹெல்த்கேர். ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நடுவில் பில் ஓட்டுகிற நிறுவனம். 2024 பிப்ரவரி 12 அன்று திருட்டு யூசர் நேம், பாஸ்வேர்டை வைத்து ஒரு ரிமோட் லாகின் பக்கம் வழியாக உள்ளே போனார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. ஒன்பது நாள் உள்ளேயே உலாவிவிட்டு 21-ம் தேதி எல்லாவற்றையும் பூட்டினார்கள். நாடு முழுக்க மருந்துக்கடைகளில் பில் போட முடியாமல் திண்டாட்டம். 2.2 கோடி டாலர் கப்பம் கட்டியதாகத் தாய் நிறுவனத்தின் தலைவரே நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். கடைசிக் கணக்கில் பாதிக்கப்பட்டவர்கள் 19 கோடிக்கும் மேல்.

ஒரு வாசல் தான். தாழ்ப்பாள் ஒன்று கூடப் போட்டிருந்தால்...

நம்ம ஊருக்கு வந்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகள் டெலிகிராம் பாட்டில் கேட்டால் கிடைக்கிறது என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அது எந்த வழியாகக் கசிந்தது என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனையும் மளிகைச் சாமான் மாதிரி கிடைத்தது என்பது தான் எனக்கு முக்கியம்.

சரி டாக்டர், ஒரு வெப்சைட்டை நம்பி ரிப்போர்ட் வாங்கலாமா வேண்டாமா என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போய்ப் பார்க்க நமக்கு அனுமதியும் கிடையாது, பார்ப்பது குற்றமும் கூட. லிங்க்கில் ஒரு எண்ணை மாற்றினால் அடுத்தவர் ரிப்போர்ட் வருகிறதா என்று "டெஸ்ட்" பண்ணாதீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் நாடி பிடித்துப் பார்க்கலாம்.

"பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அமுக்கிப் பாருங்கள். புதிதாக ஒன்று அமைக்க லிங்க் வந்தால் சரி. உங்கள் பழைய பாஸ்வேர்டையே எழுத்தாக ஈமெயிலில் அனுப்பினால் அதை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளைக்குத் திருடனும் படிப்பான். இது ஒன்று போதும், அந்தத் தளத்தை விட்டு விலக.

மொபைல் எண்ணும் பில் எண்ணும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ரிப்போர்ட்டைத் திறக்கலாம் என்றால், பில்லைக் குப்பையில் போட்ட அன்றே அது ஊர்ச் சொத்து. பிறந்த தேதி தான் பாஸ்வேர்டு என்றால் அதுவும் அப்படியே. பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டரை நாமே ஒட்டுகிற ஊர் இது.

பத்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லும் தளம், "123456" வைத்தாலும் மறுக்காத தளம், புது போனில் லாகின் ஆனால் ஒரு செய்தி கூட அனுப்பாத தளம், இவை எல்லாம் எனக்கு ரத்தசோகை முகம் மாதிரி. பார்த்தவுடன் சந்தேகப்படுவேன்.

கசிவு நடந்த தளம் என்றால் ஒரேயடியாகக் கெட்ட தளமா? இல்லை. இதில் தான் பலரும் தப்பு செய்கிறார்கள். கசிந்ததை அவர்களே முன்வந்து, எந்தத் தேதி, என்னென்ன போனது, என்ன செய்ய வேண்டும் என்று சொன்ன தளத்தை நான் அதிகம் நம்புவேன். ஆபரேஷனில் ஒரு சிக்கலும் வந்ததில்லை என்று சொல்கிற சர்ஜனிடம் நான் என் அம்மாவை அனுப்ப மாட்டேன்.

ஆஸ்பத்திரி, லேப், காலேஜ், சின்னக் கம்பெனி என்று சொந்த டொமைன் வைத்து வெப்சைட் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நான் சொன்ன அதே தளத்தில், டொமைன் உங்களுடையது தான் என்று நிரூபித்தால், உங்கள் டொமைனில் உள்ள எந்தெந்த ஈமெயில் எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்கலாம். 2025 தொடக்கத்தில் இருந்து, இன்ஃபோஸ்டீலர் அள்ளிய பட்டியலில் உங்கள் வெப்சைட்டில் லாகின் செய்த வாடிக்கையாளர் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் கணக்குத் தொடங்கும்போதே அவர் வைக்கும் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்ததா என்று சரிபார்க்கவும் இலவச வசதி உண்டு. பாஸ்வேர்டு வெளியே போகாது. அதன் சங்கேத வடிவத்தின் முதல் ஐந்து எழுத்து மட்டும் போகும், பொருந்தக்கூடிய நூற்றுக்கணக்கான பதில் திரும்பி வரும், மீதியை உங்கள் சர்வரே ஒப்பிட்டுக் கொள்ளும்.

லேபின் ப்ரோக்ராமருக்கு இது ஒரு நாள் வேலை கூட இல்லை என்கிறார் என் நண்பர். அதைச் செய்திருந்தால் அந்தப் பையன் கணக்குத் தொடங்கும்போதே "தம்பி, இது திருட்டுப் போன பாஸ்வேர்டு, வேற வை" என்று சொல்லியிருக்கும். அவன் வைத்திருந்ததை பிறகு சோதித்தோம். பட்டியலில் இருந்தது.

இதைச் செய்யாமல் சில அலுவலகங்கள் வேறு ஒன்றைச் செய்கின்றன. 90 நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்று என்று உத்தரவு. விளைவு, கடைசியில் 1 இருந்தால் 2 ஆகும், 2 இருந்தால் 3 ஆகும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே இப்படிச் சும்மா மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்றுங்கள், கசிந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி அதில் யூசர் நேம், பாஸ்வேர்டு எழுதியிருக்கும். மூன்று ஷிஃப்ட்டும் ஒரே லாகின். யாரையும் குறை சொல்ல மாட்டேன். 40 படுக்கைக்கு இரண்டு சிஸ்டர், ஒரு கம்ப்யூட்டர். ஆளுக்கொரு லாகின் போட்டு வெளியேறி நுழைய அங்கே நேரம் கிடையாது. ஆள் போடாமல், கம்ப்யூட்டர் கொடுக்காமல் "பாஸ்வேர்டைப் பகிராதே" என்று சர்க்குலர் மட்டும் அனுப்பினால் பிளாஸ்திரி தான் ஒட்டுவார்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைத்து ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். கிண்டல் செய்யும் பேரனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரஷ்யாவில் இருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. இளையவர்கள் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக் கொள்ளுங்கள், ஈமெயிலுக்கும் பேங்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பைக் கண்டிப்பாகப் போடுங்கள். ஈமெயில் போனால் எல்லாம் போகும், மற்ற தளங்களின் "மறந்துவிட்டது" லிங்க் எல்லாம் அங்கே தானே வரும்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல விஷயம்.

ஆனால் அந்த அபராதம் முழுக்க அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கொடு என்று அந்தச் சட்டத்தில் இல்லை. நானும் அரசு ஊழியன் தான், அரசுக்குப் பணம் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யாருடைய ஈரல் விவரம் தெருவுக்கு வந்ததோ அவருக்கு என்ன பதில்? இந்த இடத்தில் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த லேபுக்கு மகன் பெயரில் எழுத்துப்பூர்வமாகக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். எங்கள் கணக்கில் எந்தத் தேதியில், எந்த இடத்தில் இருந்து லாகின் ஆனது என்ற பதிவைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டோம். வேறு யாரோ நுழைந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஒரு மாதமாகப் பதில் இல்லை. சைபர் குற்ற எண் 1930-லும் அந்த மூலிகை அழைப்பைப் பதிவு செய்தாயிற்று.

அந்த அம்மா நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஹெப்படைட்டிஸ் பி-க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை வேண்டும், வராமல் விட்டால் ஈரல் சுருங்கும் வரை வெளியே தெரியாது. நேற்று மறு பரிசோதனைத் தேதியை நினைவுபடுத்தலாம் என்று ரெஜிஸ்டரைப் புரட்டினேன். கடைசியாக வந்த அன்று புதிதாக ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம் தான் இருக்கிறது.

கேள்வி இருந்தால் கேளுங்கள், இன்று நைட் டியூட்டி, கேஸ் குறைந்ததும் பதில் போடுகிறேன். உங்கள் பாஸ்வேர்டு நல்லதா என்று கேட்டு அதை இங்கே எழுதிவிடாதீர்கள்!